இந்த போன் ஆய்வில் இருக்கிறது

ஒரு டார்ச் லைட்டுக்கு இணையம் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுது முழுக்க விசாரணை நடந்திருக்கிறது. விசாரித்தவர் என் மாமனார். கூண்டில் நின்றது என் கணவரின் போனில் இருந்த டார்ச் ஆப். அதற்காக வாதாட வேண்டிய என் கணவர், வழக்கம்போல, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தரையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். வெளிச்சம் தருகிற ஆப் எதற்காக வெளியுலகத்தோடு பேச வேண்டும் என்று மாமனார் கேட்டார். அது நியாயமான கேள்விதான், அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு தடவை நியாயம் பேசியவர், அதற்கப்புறம் தான் வாயைத் திறந்தாலே அது நியாயம்தான் என்று நம்ப ஆரம்பித்தால் வீடு தாங்காது. எங்கள் வீடு தாங்கவில்லை.

மாமனார் ஒரு பெரிய தொழிற்சாலையில் கேட் பாஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வெளியே போகாது, ஒரு ஆணி உள்ளே வராது. சீட்டு இல்லையென்று முதலாளியின் காரையே ஒருமுறை நிறுத்தினார் என்பது அவருடைய வாழ்க்கையின் சிகரம். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் வருவதற்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நிறுத்துவதற்கு லாரி கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் எங்களை வாசலில் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். அதில் அவ்வளவு சுவை இல்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் பழைய போன்களைக் கழித்தார்கள். மாமனார் பழைய பழக்கத்தைப் பயன்படுத்தி ஒட்டுமொத்தமாக வாங்கி வந்து, வீட்டில் ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லாம் ஒரே ரகம். புதிதாக ஒரு ஆப்பை ஏற்ற வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை இறக்க வேண்டும், அவ்வளவு இடம்தான் அதில். ஒரு படம் எடுத்தால் கை சுடும். ஆனால் அந்தப் பழைய ரகத்தில், இப்போதைய போன்களில் பார்க்க முடியாத ஒரு வசதி இருந்தது. செட்டிங்ஸில் உள்ளே போனால், போனில் இருக்கிற ஆப்களின் பெயரெல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். ஒன்று வைஃபைக்கு, ஒன்று டேட்டாவுக்கு. கட்டத்தில் டிக் இருந்தால் அந்த ஆப் வெளியே போய்வரலாம். டிக்கை எடுத்துவிட்டால் அது உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

இதை என் மாமனார் கண்டுபிடித்த நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொலைந்துபோன வேலை திரும்பக் கிடைத்தவருடைய முகம் அது. தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பார்கள். இவருக்குத் தடியும் தேவைப்படவில்லை, ஆள்காட்டி விரல் போதுமாக இருந்தது. எல்லா போன்களிலும் செட்டிங்ஸை மாற்றுவதற்கு ஒரு பூட்டு எண் போட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு முறை, விடுமுறை நாள் காலையில், ஆய்வு. கூடத்து மேசையில் ஒரு அகலமான தட்டு வைக்கப்படும். குளித்து, சாப்பிட்டு, எல்லோரும் தங்கள் போனை அதில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஆப் ஆப்பாகப் பெயர் வாசித்து விசாரிப்பார். ஆய்வு முடிந்ததும் வைஃபை பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றி, தட்டில் இருக்கிற போன்களில் மட்டும் தன் கையாலேயே அதைப் போட்டுக் கொடுப்பார். தட்டுக்கு வராத போனுக்கு அடுத்த வாரம் வரைக்கும் பட்டினி.

“கடிகாரம்,” என்று வாசிப்பார். “கடிகாரத்துக்கு எதுக்கு இணையம்? அது யார்கிட்டப் போய் மணி கேக்கப் போகுது?” டிக் போய்விடும்.

“வானிலை. மழை பெய்யுதான்னு தெரியணும்னா ஜன்னலைத் திற.” டிக் போய்விடும்.

நாத்தனார், கல்லூரியில் படிக்கிறவள், படம் போடுகிற ஆப் ஒன்றுக்காக அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி வைஃபை கட்டத்தை மட்டும் வாங்கினாள். டேட்டா கட்டம் கிடைக்கவில்லை. அதனால் அவள் எங்கே போய் எதைப் படம் எடுத்தாலும், வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் உலகத்துக்குக் காட்ட முடியும். அத்தைக்குப் பாட்டு ஆப் கிடைத்தது, அதுவும் மாமனாருக்குப் பிடித்த பழைய பாட்டாக இருந்ததால். என் கணவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்காதவனுக்கு மறுப்பும் இல்லை என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. நான் ஒரு தனியார் பள்ளியில் மாற்று ஆசிரியை. அதாவது, யாராவது ஒரு டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால்தான் எனக்குப் பிழைப்பு. காலையில் பள்ளி ஆப்பில் மணி அடிக்கும். என்னைப் போலப் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும். யார் முதலில் ‘வருகிறேன்’ என்று தட்டுகிறார்களோ அவர்களுக்கு அன்றைய வகுப்பு. கொஞ்ச நேரத்தில் அந்த அழைப்பு மறைந்துவிடும், இருந்த தடம்கூடத் தெரியாது. சமையலறையில் கையில் கரண்டியோடு மூக்கால் தட்டியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அது வேண்டும். கழுத்து வரைக்கும் ஆசை. என் பெயர் போட்ட கால அட்டவணை, என் மேசை, என் வகுப்பு, முந்தின நாள் எங்கே விட்டேனோ அங்கேயிருந்து மறுநாள் தொடங்குகிற பாடம். மாற்று ஆசிரியைக்கு எதுவும் தொடர்வதில்லை, எல்லா நாளும் முதல் நாள்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, யாரையும் கேட்காமல் நானே செய்கிற காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது கரும்பலகையில் எழுதுவதுதான். மாமனாரிடம் பள்ளி ஆப்புக்கு இரண்டு டிக்கும் வாங்கிவிட்டேன். படிப்பு சம்பந்தப்பட்டது என்பதால் கொடுத்தார், ஒரு மணி நேர அறிவுரையோடு.

அப்புறம்தான் அந்த முகம் காட்டாதவன் மாட்டினான்.

ஒரு மாதக் கடைசியில் மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் சுற்ற ஆரம்பித்து நின்றுவிட்டது. மாதத்துக்கான இணைய அளவு தீர்ந்துபோயிருந்தது. அடுத்த ஆய்வில் அவர் பட்டியலை வேறு மாதிரித் திருப்பி, யார் அதிகம் தின்றது என்று பார்த்தார். எங்கள் எல்லோருடைய போனிலும் முதலிடத்தில் ஒரே பெயர்தான். பல்சக்கரப் படம், பக்கத்தில் ‘சர்வீசஸ்’. அதைத் தொட்டால் திறக்கவில்லை.

“யார் இவன்?” என்று கேட்டார் மாமனார். “பாட்டு இல்ல, படம் இல்ல, தொட்டா வாயே திறக்கல. ஆனா எல்லாரையும் விட அதிகமா தின்னிருக்கான். யாராவது இவனை உள்ள விட்டீங்களா?”

யாரும் விடவில்லை என்றோம். உண்மையும் அதுதான், அது போனோடு பிறந்தது. எங்களுக்கு அப்போது தெரியவில்லை. மாமனார் தன் பணிக்காலத்தில் பிடித்த திருட்டு லாரிகளை எல்லாம் நினைத்துக்கொண்டவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, எல்லா போன்களிலும் அந்தப் பல்சக்கரத்துக்கு எதிரே இருந்த இரண்டு டிக்கையும் எடுத்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு போனிலும் ஓர் ஆப்பும் கிணுகிணுக்கவில்லை. நாமாகத் திறந்து பார்த்தால்தான் எதுவும் வந்திருப்பது தெரியும். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. “வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா? எல்லா சத்தமும் அந்த ஒருத்தனாலதான்,” என்று அத்தையிடம் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

எனக்குக் காலை மணி நின்றுவிட்டது. முதல் நாள், எல்லா டீச்சர்களும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். பிறகு ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் திறக்கிற நேரத்தில் ‘தற்போது அழைப்பு ஏதும் இல்லை’ என்று மட்டும் இருக்கும். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. ஒரு பள்ளிக்கூடத்தில் அத்தனை நாள் ஒருத்திக்கும் தலைவலி வராதா? எனக்கு வேறு எண்ணம் வந்துவிட்டது. நிரந்தர இடத்துக்கு வேறு யாரையோ முடிவு பண்ணிவிட்டு, என்னைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள்.

“பொறுத்துப் பாரேன்,” என்றார் என் கணவர்.

“பொறுத்துப் பொறுத்துத்தானே இந்த வீட்டுல இருக்கேன்.”

அவர் தரையில் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் நேராகப் பள்ளிக்குப் போய் தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வரும்.

“என்கிட்ட ஏதாவது குறை இருந்தா நேரா சொல்லியிருக்கலாம் மேடம். இப்படிப் பேரை மறைச்சு ஒதுக்கறது நல்லாயில்ல.”

தலைமையாசிரியை நிதானமானவர். பேனாவை மூடி வைத்தார். “நாங்களா ஒதுக்கினோம்? தினமும் உங்களுக்கும் சேர்த்துத்தான் மணி அடிக்குது டீச்சர். நீங்கதான் தொடவே மாட்டேங்கறீங்க. வேற எங்கயோ வேலை கிடைச்சிருச்சுன்னு நினைச்சிட்டோம்.”

எனக்கு ஒரு மணியும் வரவில்லை என்றேன். அவர் அலுவலகத்தில் சொல்லி, சோதனைக்காக ஒரு மணி அனுப்பச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த இன்னொரு மாற்று ஆசிரியையின் பைக்குள்ளிருந்து கணீரென்று சத்தம் வந்தது. என் போன் கையில் பிணம் மாதிரிக் கிடந்தது. அவளுடையதும் என்னுடையதைப் போலவே பழைய ரகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேட்டா பட்டியலைப் பார்த்தோம். பூட்டு இருந்ததால் என் போனில் மாற்ற முடியாது, ஆனால் பார்க்க முடிந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அவளிடம் பல்சக்கரத்துக்கு எதிரே டிக் இருந்தது, என்னிடம் இல்லை. அவள் தன்னுடையதில் டிக்கை எடுத்தாள், மணி ஊமையாகிவிட்டது. திரும்பப் போட்டாள், அடித்தது. எந்த ஆப்புக்குச் செய்தி வந்தாலும் அதைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் அந்த முகம் காட்டாதவன்தான். அவனைத்தான் என் மாமனார் கேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

நடந்ததைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். தட்டு, ஆய்வு எல்லாவற்றையும் சொல்லவில்லை, வீட்டில் போன் செட்டிங்ஸ் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

“நிரந்தர இடத்துக்கு உங்க பேரையும் வச்சிருக்கேன்,” என்றார் அவர். “வர்ற விடுமுறை நாள் காலைல கமிட்டி கூடுது. இத்தனை நாள் ஏன் பதிலே இல்லைன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. நானே உங்களை சாதாரண போன்ல கூப்பிடறேன், ஆப் எல்லாம் வேண்டாம். எடுத்து ரெண்டு வார்த்தை தெளிவாச் சொல்லுங்க. அதையும் எடுக்கலைன்னா அப்புறம் என் கையில எதுவும் இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் போய் நின்றேன்.

“மாமா, அந்த சர்வீசஸுக்கு டிக் வேணும்.”

“அந்தத் தின்னிக்கா? அவனுக்கு நீ சிபாரிசா?”

“அவன்தான் மாமா எல்லா ஆப்புக்கும் சேதி கொண்டு வர்றவன். அவனை நிறுத்தினதுலதான் எனக்குப் பள்ளிக்கூடத்துலருந்து மணியே வரலை.”

“யாரு சொன்னா?”

“பள்ளிக்கூடத்துல ரெண்டு போனையும் வச்சுப் பாத்தோம்.”

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம வீட்டு செட்டிங்ஸை வெளியாளுக்குக் காட்டினியா?”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விடுமுறை நாள் காலையில் என்ன நடக்கப்போகிறது, அது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று முதலிலிருந்து விளக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “ஆய்வு நாள்ல வை. பாத்து முடிவு பண்ணலாம். நடுவுல பிரிக்கறது முறையில்ல,” என்றார்.

“அன்னிக்குத்தான் மாமா எனக்கு போன் வரும்.”

“தட்டுல இருந்தா மணி அடிக்காதா? அடிச்சா எடுத்துக் குடுக்கறேன். நான் என்ன போனையா முழுங்கப் போறேன்?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். தட்டில் வைக்காவிட்டால் டிக் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது, அடுத்த வாரமும் காலை மணி கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பது என்று முடிவு செய்தேன்.

விடுமுறை நாள் வந்தது. நான் காலையிலேயே குளித்து, பள்ளிக்குப் போவது போலப் புடவை கட்டி, மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போனில் பேசுவதற்கு எதற்குப் புடவை என்று நாத்தனார் கேட்டாள். பேசுகிற குரல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். என் கணவர் செய்தித்தாளை விரித்து அதன் பின்னால் மறைந்திருந்தார். மாமனார் ஒவ்வொரு போனாக முடித்து, கடைசியில் என்னுடையதை எடுத்தார். மனு இருக்கிற போன் கடைசியில்தான் என்பது விதி.

பட்டியலைத் திறந்து அவர் வாசிக்க ஆரம்பித்த நேரத்தில், கீழே சிலிண்டர் வண்டி ஹாரன் அடித்தது.

“யாராவது போய்க் கதவைத் திறங்க,” என்றேன். செய்தித்தாள் அசையவில்லை. நாத்தனார் ஈர நகங்களைத் தூக்கிக் காட்டினாள். அத்தை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹாரன் மறுபடி அடித்தது. திறக்காவிட்டால் அந்த ஆள் போய்விடுவான், அப்புறம் அடுப்பெரியாததற்கும் பழி என் மேல்தான் விழும்.

“போன் வந்தா என்னைக் கூப்பிடுங்க மாமா. படியிலதான் இருப்பேன்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கேட்டின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு கொஞ்சம் படுத்தியது. பின்கட்டிலிருந்து காலி சிலிண்டரை உருட்டி வந்து கொடுத்தேன். மூச்சு வாங்க மேலே வந்தபோது மாமனார் அதே நிதானத்தோடு என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன் வந்துச்சா மாமா?”

“ஒரு அம்மா பேசினாங்க,” என்றார் தலையைத் தூக்காமல். “இந்த போன் இப்ப ஆய்வுல இருக்கு, முடிஞ்சதும் பேசச் சொல்றேன்னு சொல்லிட்டேன்.”

நான் மேசையைச் சுற்றி அவரிடம் வந்தேன்.

“மரியாதையாத்தான்மா சொன்னேன். யார் பேசறதுன்னு கேட்டாங்க. நான்தான் பொறுப்பாளர்னு சொன்னேன்.”

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். இந்த வீட்டில் அவர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கிய முதல் ஆள் நான்தான். தலைமையாசிரியையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“அண்ணியைக் கூப்பிடறேன்பான்னு சொன்னேன்,” என்றாள் நாத்தனார். “அப்பா கையைக் காட்டிட்டார்.”

நான் கணவரைப் பார்த்தேன்.

“சொல்லலாம்னு நான் வாயைத் திறந்தேன்,” என்றார்.

“திறந்து?”

“அதுக்குள்ள அப்பா வச்சுட்டாரு.”

கட்டியிருந்த புடவையோடு ஓடிப்போய்ப் பேருந்து பிடித்தேன். பள்ளியில் போய் இறங்கினபோது கமிட்டிக்காரர்களின் கார்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காராக என்னை வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தது. தலைமையாசிரியை அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க வீட்டுப் பொறுப்பாளர் பேசினார்,” என்றார்.

“அது என் மாமனார் மேடம். அவருக்கு... நான் கீழே போயிருந்தேன், ஒரு நிமிஷம்தான்.”

“தெரியுது டீச்சர். ஆனா எல்லாருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். ஆய்வுல இருக்குன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க. தலைவர் மட்டும் சிரிக்கலை. ஒரு போனை எடுத்துப் பேசவே வீட்டுல அனுமதி வேணும்னா, இவங்க ஒரு வகுப்பை எப்படி நடத்துவாங்கன்னு கேட்டார்.”

நான் வகுப்பு நடத்தி அந்தத் தலைவர் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறவனை நான் ஒரு பார்வையில் எழுப்பி, கணக்குப் போட வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது, பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன்.

“முடிவை இன்னிக்கே ஆப்புல போடுவாங்க. நான் எடுத்துச் சொல்லியிருக்கேன்,” என்று கடைசியாக அவர் சொன்ன வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஓரமாக ஒரு ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கழுவித் துடைக்க முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். தட்டு இன்னும் மேசைமேல் இருந்தது. ஸ்பீக்கர், சிரிப்பு, தலைவர் கேட்டது, ஒன்று விடாமல் சொன்னேன். சத்தம் போடவில்லை, அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். அத்தை முதன்முறையாக மாமனாரைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வந்தது?” என்று கேட்டாள். கணவர் செய்தித்தாளை மடித்தார், ரொம்ப நேரம் மடித்தார்.

மன்னிப்பு என்பது மாமனார் வாயில் வராத சரக்கு, அதற்கு இன்னும் கேட் பாஸ் போடவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஏதோ இறங்கியிருந்தது. எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினார்.

“போனைக் குடும்மா.”

கொடுத்தேன். எனக்கு எதிர்க்கத் தெம்பில்லை. அவர் நின்றபடியே பூட்டு எண்ணைப் போட்டு, செட்டிங்ஸைத் திறந்தார். மேலேயிருந்து கீழே வரை, ஒரு விசாரணையும் இல்லாமல், ஒரு பெயரும் வாசிக்காமல் டிக் டிக்காகப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் பல்சக்கரத்துக்கும் போட்டார். வெள்ளம் தலைக்குமேலே போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

“எல்லாத்துக்கும் குடுத்துட்டேன்மா,” என்றார். “இனிமே உனக்கு எதுவும் நிக்காது. எல்லாம் வரும்.”

அவர் சொல்லி முடிக்கவும் அவர் கையிலேயே போன் அடித்தது. பள்ளி ஆப்பின் மணி. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் ஆப் மணி. அத்தை திடுக்கிட்டாள். நாத்தனார் எழுந்து நின்றாள். மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா?” என்றார். “வந்துருச்சு. போட்ட உடனே வந்துருச்சு.”

போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“படிங்க மாமா.”

“நானா?”

“எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமி, ஆய்வு நாளில் பெயர் வாசிக்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தார். “நிரந்தர ஆசிரியர் பணியிடத்திற்குத் தாங்கள் காட்டிய ஆர்வத்திற்கு நன்றி. அப்பணியிடம் வேறொருவரால் நிரப்பப்பட்டுவிட்டது.” குரல் அங்கேயே இறங்கியது. “மேலும்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னும் இருக்கு போல. படிங்க.”

“மேலும், தாங்கள்... தொடர்புகொள்ள இயலாதவராக இருப்பதால்... தங்கள் பெயர் மாற்று ஆசிரியர் பட்டியலிலிருந்தும் நீக்கப்படுகிறது.”

அவர் போனை மேசைமேல் வைக்கப் போனார்.

“கீழ ஏதாவது அழுத்தச் சொல்லியிருக்கா மாமா?”

திரும்பவும் எடுத்துப் பார்த்தார். “‘சரி’ன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“அழுத்துங்க.”

“நான் எப்படிம்மா...”

“நீங்கதானே பொறுப்பாளர்.”

அவர் விரல் அந்த எழுத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினார்.